கண்ணாடியில ஒட்டிக்கிட்ட கல்யாண போட்டோ

கேள்வி: ஏனுங்க, எங்க அப்பிச்சி அம்மாயி கல்யாண போட்டோ பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு, பிச்சு எடுத்துச் சரி பண்ண முடியுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பிச்சு மட்டும் எடுத்துறாதீங்க அம்மிணி, படம் இருக்கறதே மேல இருக்கற ஜெலட்டின் பூச்சுலதான், ஈரம் பட்டா அதுதான் கண்ணாடில ஒட்டிக்குது, இழுத்தா மூஞ்சியே கண்ணாடியோட வந்துருமுங்க. அப்படியே கண்ணாடியோட வெச்சு 600 டிபிஐ-ல (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி, தரம் கொறையாத டிஃப் (TIFF) ஃபைலா வெச்சுக்கோங்க, கருப்பு வெள்ளைப் படமானாலும் கலர் ஸ்கேன்தான் போடோணும், அப்பத்தான் மஞ்சக் கறையத் தனியாக் கொறைக்க முடியும். அதுல ஒரு காப்பி எடுத்து ஜிம்ப்னு (GIMP) இலவச சாஃப்ட்வேர்ல, பக்கத்துல நல்லா இருக்கற இடத்தைக் காப்பியடிச்சு ஒட்டற ஹீல், க்ளோன் டூல் வெச்சு கீறலை மெதுவா மூடலாமுங்க. ஏஐ ஆப்ல பளிச்சுன்னு வரும், ஆனா இல்லாத கண்ணு மூக்கை அதுவா வரைஞ்சு வெச்சுரும், அது உங்க அம்மாயி இல்லீங்களே! அதனால ஓரத்தை மட்டும் சரி பண்ணிட்டு மூஞ்சிய அப்படியே விட்டுருங்க.