மூன்று கொட்டேஷன், மூன்று விலை: யாருக்கு ஆர்டர்?

கேள்வி: ஓரகடம் அருகே, சிறிய மின்சாரக் கார் தயாரிக்கத் தொடங்கியிருக்கும் நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் கவருக்கு மூன்று கொட்டேஷன் வந்துள்ளன. ஒருவர் மோல்டுக்கு (உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் எஃகு அச்சு) 18 லட்சம், பீஸுக்கு 62 ரூபாய் கேட்கிறார். அடுத்தவர் 9 லட்சம், 74 ரூபாய். மூன்றாமவருக்கு மோல்டு இலவசம், பீஸ் 95 ரூபாய். முதல் ஆண்டு இலக்கு 10,000 கார். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலையைப் பார்க்கும் முன், மூவரும் ஒரே பொருளுக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வரைபடத்தின் எந்தத் திருத்தம் யாரிடம் போனது? 'பாலிபுரொப்பிலீன்' (பிபி என்ற பிளாஸ்டிக்) என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், ஒருவர் வெறும் பிபிக்கும் இன்னொருவர் 20 சதவீத டால்க் (ஒரு கனிமத் தூள்) கலந்ததற்கும் கணக்குப் போட்டிருக்கலாம். டால்க் கலந்தால் அதே கவரின் எடை ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். கிரேடு, பீஸ் எடை, கேவிட்டி (மோல்டில் பீஸ் உருவாகும் குழி) எண்ணிக்கை, சைக்கிள் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்), ரிஜெக்‌ஷன், பேக்கிங், வண்டி வாடகை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மெஷினுக்கு மணிக்கு 900 ரூபாய் என்று வைத்தால், ஒரு கேவிட்டி மோல்டில் 45 விநாடிச் சுற்றுக்குப் பீஸுக்கு 11.25 ரூபாய், 60 விநாடிக்கு 15 ரூபாய். பிரித்துக் காட்டத் தயங்குபவரிடம் பிறகு விலை பேசுவதும் கஷ்டம்தான்.

இனி உங்கள் எண்கள். 10,000 பீஸுக்கு மொத்தச் செலவு முறையே 24.2, 16.4, 9.5 லட்சம். 40,000 வரும்போது 42.8, 38.6, 38. ஒரு லட்சத்தில் 80, 83, 95. முதலாமவர் இரண்டாமவரை முந்துவதே 75,000 பீஸுக்கு மேல்தான். புதிய காருக்கு அந்த எண்ணிக்கையை நம்பி இன்றே 18 லட்சம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விற்பனைப் பிரிவு தரும் எண்ணிக்கையைப் பாதியாக்கியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் 'இலவச' மோல்டா? அது இலவசமில்லை, 95 ரூபாய்க்குள்தான் ஒளிந்திருக்கிறது. எத்தனை பீஸில் அதை மீட்கிறார், அதன் பிறகு விலை எவ்வளவு இறங்கும், இலக்கு எட்டாவிட்டால் மீதியைக் கேட்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் மோல்டு அவருடையதாகவே இருக்கும். நாளை தரம் சரியில்லை என்று வேறு இடம் போக நினைத்தாலும் முடியாது.

நான் இரண்டாமவர் பக்கம் சாய்வேன், ஒரு காரணத்துக்காக. ஆரம்பகாலக் காரில் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும்: கிளிப் இடம் மாறும், ஒயரிங்குக்கு வழிவிட வேண்டியிருக்கும். முழுக்கக் கடினப்படுத்தாத, பி20 போன்ற எஃகில் இதைச் செய்வது எளிது. அவர் 9 லட்சத்துக்குத் தருவது எந்த எஃகு, எத்தனை ஷாட்டுக்கு (ஒரு முறை வார்ப்பது ஒரு ஷாட்) உத்தரவாதம் என்று கேளுங்கள். மோல்டில் எஃகை வெட்டி எடுப்பது சுலபம். அதாவது பீஸில் பிளாஸ்டிக்கைக் கூட்டலாம். பீஸில் குறைக்க வேண்டுமென்றால் மோல்டில் வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும், செலவும் நாளும் கூடும். ஆகவே சந்தேகமான இடங்களில் எஃகை விட்டுவைத்தே வெட்டச் சொல்லுங்கள். மாற்ற வேலைக்கான மணிக்கூலியை ஆர்டரிலேயே நிர்ணயித்துவிடுங்கள். மோல்டு செய்து முடித்த பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

மூலப்பொருளை மட்டும் மோல்டு வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பிபி குளிரும்போது சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் அதில் பாதிகூடச் சுருங்காது. பிபிக்கு வெட்டிய மோல்டில் ஏபிஎஸ் ஊற்றினால் கவர் பெரிதாக வரும், பொருந்தாது.

மோல்டுப் பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, கவரைக் காரில் மாட்டிப் பார்த்து, சாம்பிளுக்கு நீங்கள் கையெழுத்திட்ட பிறகு மட்டும். மோல்டின் மேல் உங்கள் நிறுவனப் பெயரைப் பொறிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.