மால்வண் முன்பணமும் கொக்கி உடைந்த லைஃப் ஜாக்கெட்டும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: சிந்துதுர்க் கடல்கோட்டை, ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) இரண்டுக்கும் சேர்த்து, மகாராஷ்டிரக் கரையில் உள்ள மால்வண் ஊர் ஏஜெண்ட் ஒருவருக்கு, ஜூன் 6-ம் தேதிக்காக 6,400 ரூபாய் ஜிபே செய்தோம். போனால் படகே ஓடவில்லை. "பணம் திரும்பாது, நவம்பரில் வாங்க" என்கிறார். (சயான்)

பதில்: தவறு உங்கள் மேல் இல்லை. மழைக்காலத்தில் மேற்குக் கரையில் சுற்றுலாப் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பது அங்கே தொழில் செய்பவருக்குத் தெரியாதா? தர முடியாததைத் தெரிந்தே விற்றிருக்கிறார். வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ பரிவர்த்தனை எண், அவர் அனுப்பிய ரேட் கார்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மால்வணுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தைரியத்தில்தான் அடுத்த ஜூனையும் விற்பார்.

கேள்வி: அலிபாகில் குலாபா கோட்டைக்குப் படகில் போனோம். திரும்பும்போது பார்த்தால் ஜனங்கள் நடந்தே வருகிறார்கள். ஏமாந்தோமா? (முலுண்ட்)

பதில்: இல்லை. கடல் உள்வாங்கினால் நடை, ஏறினால் படகு. அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: புது ஸ்நார்க்கெலிங் மாஸ்க். தண்ணீரில் இறங்கியதுமே கண்ணாடி பனி படர்ந்துவிடுகிறது. மாற்றித் தருவார்களா? (தாராவி)

பதில்: மாட்டார்கள், அது பழுதும் இல்லை. தயாரிப்பின்போது கண்ணாடியில் சிலிகான் படலம் ஒட்டியிருக்கும். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கசிகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பு சிலிகானா என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது பிவிசி பிளாஸ்டிக். இரண்டாம் வருடமே விறைத்து, மேலுதட்டோரம் கசிந்தது.

கேள்வி: ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு முழுமுக மாஸ்க் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஜன்ஜிரா கடல்கோட்டைப் பக்கம் போட்டால் ஒன்றும் தெரியவில்லை, மூச்சும் முட்டியது. பணம் திரும்பக் கிடைக்குமா? (மாட்டுங்கா)

பதில்: ஜன்ஜிரா நிற்பது ராஜபுரி கழிமுகத்தில். அந்தச் சேற்றுத் தண்ணீரில் எந்த மாஸ்க் போட்டாலும் ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் ஒருவரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? நான்கு மாதம் கழித்து யார் எடுப்பார்கள்? மூச்சு முட்டியது வேறு விஷயம். வால்வு சரியில்லாத மலிவு மாஸ்க்கில், விட்ட காற்றே உள்ளே தங்கித் திரும்ப மூச்சில் ஏறும். தலை சுற்றும். அதை இன்னொருவருக்கு விற்காதீர்கள். சாதாரண மாஸ்க்கும் மூச்சு விடத் தனிக் குழாயும் போதும். குழாய் 40 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம்.

கேள்வி: படகில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தது. "பக்கத்துலதான், சும்மா மாட்டிக்கோங்க" என்றார்கள். இதற்கெல்லாம் புகார் கொடுக்கலாமா? (செம்பூர்)

பதில்: கட்டாயம் கொடுங்கள். கரையோரச் சுற்றுலாவில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தச் 'சும்மா'தான். 2024 டிசம்பர் 18 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன படகின் மேல் கடற்படைப் படகு மோதியது. தினமும் ஓடும் பாதைதான் அது. கவிழும் படகில் ஜாக்கெட்டைத் தேடி மாட்ட நேரம் கிடைக்காது. பணம் கொடுக்கும் முன் ஜாக்கெட்டைக் கையில் வாங்குங்கள். உள்ளிருக்கும் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பி வராவிட்டால் அது மிதக்க வைக்காது. எல்லாக் கொக்கியையும் பூட்டி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே போகும் வார் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். ஊதும் கைவளையம் இதற்கு ஈடாகாது. படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையையும் பதிவு எண்ணையும் போட்டோ எடுத்து, மகாராஷ்டிர கடல்சார் வாரியத்துக்கு அனுப்புங்கள். உடைந்த கொக்கியின் படமும் சேர்ந்தால் மறுக்க முடியாது.

கேள்வி: பவர் மைனஸ் 4. மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் போடலாமா? (அந்தேரி)

பதில்: முடியாது. காம்பு வழியே தண்ணீர் இறங்கும். பவர் லென்ஸ் மாட்டிய மாஸ்க் அரை பவர் வித்தியாசத்தில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்காதீர்கள். கண்ணில் தொற்று வரலாம்.