வீட்டை விரைவு விற்பனை நிறுவனத்திடம் விற்பது: கேள்வி பதில்

வீட்டைச் சில நாட்களுக்குள் ரொக்கமாக வாங்கிக்கொள்வதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விற்பவர் தரப்பில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால் விலை, ஒப்பந்தம், நடைமுறை ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். வருமான வரியும் குடும்ப வழக்குகளும் என் துறையைச் சேர்ந்தவை அல்ல.

கேள்வி: இந்த நிறுவனங்கள் சந்தை மதிப்பில் எத்தனை விழுக்காடு தருவார்கள்?

பெரும்பாலும் 75 முதல் 85 விழுக்காடு வரை. பழுது மிகுந்த வீடாக இருந்தால் இன்னும் குறையும். வீட்டைத் திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்பதிலிருந்துதான் அவர்கள் கணக்கைத் தொடங்குகிறார்கள். அந்தத் தொகையிலிருந்து பழுதுபார்க்கும் செலவு, பதிவுச் செலவு, மறுபடி விற்கும்வரை கட்டவேண்டிய வட்டி, வரி, காப்பீடு, தரகு, இறுதியாகத் தங்கள் இலாபம் ஆகிய அனைத்தையும் கழித்த பிறகு எஞ்சுவதையே உங்களுக்கு விலையாகச் சொல்கிறார்கள்.

ஆனால் "85 விழுக்காடு" என்றதும் மகிழ்ந்துவிடுபவர்கள், எதில் 85 விழுக்காடு என்று கேட்பதில்லை. 100 பெறும் வீட்டை அவர்களே 90 என்று மதிப்பிட்டு, அதில் 85 விழுக்காடு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 76.5 மட்டுமே. அவர்களோடு தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையும், அதே பகுதியில் அண்மையில் பதிவான விற்பனை விலைகளும் கையில் இருக்கும்போதுதான் விழுக்காட்டைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

கேள்வி: நிறுவனம் உண்மையிலேயே வாங்கக்கூடியதா என்று எப்படி அறிவது?

இந்தப் பெயரில் மூன்று வகையினர் இயங்குகிறார்கள். முதல் வகையினர் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். இரண்டாம் வகையினர் உங்களை ஓர் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டுவிட்டு, அந்த ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்ளும் முதலீட்டாளரைத் தேடுகிறார்கள்; ஆள் கிடைக்காவிட்டால் விலகிவிடுகிறார்கள், உங்களுக்கோ மாதங்கள் வீணாகின்றன. மூன்றாம் வகையினர் வெறும் தரகர்கள் அல்லது ஏலம் விடுபவர்கள். பத்திரத்தில் வாங்குபவராக யாருடைய பெயர் வரும், பணம் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இருப்புச் சான்றைக் காட்டத் தயங்குபவர் முதல் வகையினர் அல்லர். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நிறுவனம் இலவசமாக அமர்த்தித் தரும் வழக்கறிஞரை உங்கள் வழக்கறிஞராக ஏற்காதீர்கள்.

கேள்வி: கையெழுத்திடும் நாளில் விலையைக் குறைத்துவிட்டார்கள். சுவரில் ஈரம் இருப்பதாகக் காரணம் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தத் தொழிலைப் பற்றிய முதன்மையான புகாரே இதுதான். பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் 2013ஆம் ஆண்டு இத்தொழிலை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலும், விற்பவர் பின்வாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகு விலையைக் குறைப்பதும், வேறு நல்ல விலை வந்தாலும் விற்க விடாமல் நீண்டகால ஒப்பந்தத்தில் பூட்டிவைப்பதும் கவலைக்குரியவையாகச் சுட்டப்பட்டன.

தள்ளுபடி விலையைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. அது முன்கூட்டியே தெரிந்த இழப்பு. நீங்கள் புதிய வீட்டுக்கு முன்பணம் கட்டி, வேலையை மாற்றி, மற்ற வாங்குநர்களை அனுப்பிவிட்ட பிறகு நிகழும் இரண்டாம் தள்ளுபடிதான் அஞ்சத்தக்கது, ஏனெனில் அப்போது மறுக்கும் வலு உங்களிடம் இருப்பதில்லை. அந்த ஈரம் உண்மையா என்று தனி ஆய்வாளரைக் கொண்டு பாருங்கள். உண்மையாக இருந்தால் பழுதுபார்க்கும் செலவுக்கு மேல் ஒரு காசும் குறைக்க ஒப்பாதீர்கள். பொய்யாக இருந்தால், ஒப்பந்தம் இடம் தருமானால் விலகிவிடுங்கள். இனி விற்கப்போகிறவர்கள், கட்டட ஆய்வு கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும் என்றும், விலை மாறினால் விற்பவர் செலவின்றி விலகலாம் என்றும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைச் சேர்க்க உங்களுக்கு உங்களுடைய வழக்கறிஞர் தேவை. அவர்களுடையவர் சேர்க்க மாட்டார்.

கேள்வி: பழைய வீடு, பழுது நிறைய. எவ்வளவு விழுக்காடு எதிர்பார்க்கலாம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பரம்பரை வீடு, உடன்பிறந்தவர்களில் ஒருவர் மட்டும் கையெழுத்திட மறுக்கிறார்.

அப்படியானால் உங்களிடம் விற்பதற்கு இன்னும் முழு வீடு இல்லை. குடும்ப வழக்கறிஞரை அணுகுங்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் தேவைக்கு மேல் மென்மையாக எழுதுகிறீர்கள். கடனிலோ துக்கத்திலோ இருப்பவரிடம் கால்வாசியைப் பிடுங்கும் தொழிலுக்கு ஏன் நியாயம் கற்பிக்கிறீர்கள்? அவர்களுக்கு எந்த அபாயமும் இல்லையே.

அபாயம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். வீட்டு விலை விவரங்களை இணையத்தில் வெளியிடும் அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் 2018இல் கணினி மதிப்பீட்டின் துணையோடு வீடுகளை நேரடியாக வாங்கத் தொடங்கியது. அத்தனை தரவுகளைக் கையில் வைத்திருந்தும், சில மாதங்களுக்குப் பிந்தைய விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. வாங்கிய வீடு விற்காமல் நின்றால் வட்டி அவர்களுடைய தலையில்தான் விழுகிறது. கடன் கொடுத்தவர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும் நாள் நெருங்கிவிட்ட ஒருவருக்கு 80 விழுக்காடு என்பது கொள்ளை அன்று. ஏலத்தில் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

அதே நண்பர் மீண்டும்: உங்கள் எடுத்துக்காட்டே என் பக்கம் பேசுகிறது. கணித்துத் தோற்ற நிறுவனம் கடையை மூடியது. மூடாத நிறுவனங்கள் அந்த அபாயத்தைக் கடைசி நேர விலைக்குறைப்பாக விற்பவரின் தலையில் ஏற்றுகின்றன. அபாயத்துக்காகத் தள்ளுபடியும் வாங்கிக்கொண்டு, அபாயத்தையும் திருப்பித் தருகிறார்கள்.

இந்த வாதம் வலுவானது. கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கும் நிறுவனங்களைப் பொறுத்தவரை மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. சொன்ன விலையில் முடித்துத் தருபவரும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தள்ளுபடி உரிய கூலி என்பதே என் நிலை. அவ்விருவரையும் விளம்பரத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, ஒப்பந்தத்தைப் படித்தால் முடியும். உங்கள் கோபத்தில் பாதியை, படிக்காமல் கையெழுத்திடச் சொல்லும் உறவினர்கள் மீதும் திருப்புங்கள்.

கேள்வி: வயதான என் பெற்றோரிடம், வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கலாம் என்கிறார்கள். நல்ல திட்டம்தானே?

மிகவும் கவனம் தேவை. பிரிட்டனில் இவ்வகை விற்பனைகளை ஆராய்ந்த நிதிச் சேவை ஆணையம், பெரும்பாலானவை விற்றவருக்குப் பொருந்தாதவை அல்லது அவரால் தாங்க முடியாதவை என்று 2012இல் கண்டறிந்தது. அதையடுத்து அந்தச் சந்தையே தற்காலிகமாக நின்றுபோனது. விலையில் ஒருமுறை இழந்த பிறகு, வாடகை உயரும்போதும் ஒப்பந்தக் காலம் முடியும்போதும் உங்கள் பெற்றோருக்கு எந்தப் பிடிமானமும் இராது. எத்தனை ஆண்டு இருக்கலாம், வாடகை எந்த அளவுக்கு உயரலாம், நிறுவனம் வீட்டை வேறொருவருக்கு விற்றால் குடியிருக்கும் உரிமை தொடருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் உறுதி தராவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். பெற்றோருக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும். யாருடையவர் கூடாது என்பதை இதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வீட்டுக்கடன் நிலுவையைவிட அவர்கள் சொல்லும் விலை குறைவு.

வங்கியின் சம்மதம் இல்லாமல் இந்த விற்பனை முடியாது. முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்த நிலுவைச் சான்றை வங்கியிடம் எழுத்தில் வாங்கிய பிறகே நிறுவனத்திடம் பேசுங்கள்.

கேள்வி: விற்ற தொகைக்கு வரி?

தணிக்கையாளரைக் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திடாவிட்டால் விலை போய்விடும் என்கிறார்கள். விழுக்காடும் சரியா என்று சொல்லுங்கள்.

விழுக்காட்டைப் பற்றி மூன்றாம் முறை எழுத எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை அவசரம் அவர்களுடையது. உங்களுக்கு அதே நாளில் பணம் தேவை என்றால் தவிர, ஒப்பந்தப் படியை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பதில் சொல்வதாகக் கூறுங்கள். ரொக்கம் உண்மையாகவே அவர்களிடம் இருந்தால் திங்கட்கிழமையும் அது அங்கேயே இருக்கும்.