டாக்டர் பதில்கள்: பருவுக்கு மாத்திரை, எப்படி, எத்தனை நாள்?

சென்ற இதழில் முகப்பரு பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, ‘ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தொடங்கும் நாளிலேயே அதை நிறுத்தும் நாளையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பலருடைய கையில் ஏற்கெனவே மாத்திரை இருக்கிறது, ஆனால் அதை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது அக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 20. கன்னங்களில் சீழ்ப் பருக்கள் உள்ளன. தோல் மருத்துவர் தினமும் 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும், இரவில் பூசிக்கொள்ள ஒரு களிம்பும் கொடுத்திருக்கிறார். பத்து நாட்கள் ஆகியும் மாற்றமே இல்லை. அளவைக் கூட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரியவே பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பலித்ததா இல்லையா என்று தீர்மானிக்கப் பன்னிரண்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். காய்ச்சலுக்கோ தொண்டை வலிக்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு மூன்றே நாளில் குணமானவர்களுக்கு இந்தக் காத்திருப்பு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இன்று உங்கள் கன்னத்தில் சிவந்து நிற்கும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்கடியில் உருவாகத் தொடங்கிவிட்ட ஒன்று. மயிர்க்காலின் வாயை இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புக்குள் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. அதை எதிர்த்து உடல் காட்டும் வேகமே வீக்கமும் சிவப்பும் சீழுமாக வெளிப்படுகிறது. (2016-க்கு முந்தைய புத்தகங்களில் இதே பாக்டீரியாவைப் புரோபியோனிபாக்டீரியம் என்ற பழைய பெயரில் பார்ப்பீர்கள்.)

டாக்சிசைக்ளின் இந்தப் பாக்டீரியாவைக் குறைக்கிறது. அதோடு, பாக்டீரியாவைச் சாராமல் அழற்சியையும் நேரடியாகத் தணிக்கிறது. ஆனால் எண்ணெய் சுரப்பதையோ மயிர்க்கால் அடைத்துக்கொள்வதையோ அது பெரிதாக மாற்றுவதில்லை. அந்த அடைப்பைத் திறக்கும் வேலையைத்தான் உங்கள் இரவுக் களிம்பு செய்கிறது. ஆகவே மாத்திரை முக்கியம், களிம்பு துணை என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்போ சீழோ இல்லாமல், மயிர்க்கால் அடைப்பால் வரும் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் மட்டுமே உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை.

கேள்வி: இரவில் படுக்கும்முன் ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவது என் வழக்கம். இரண்டு நாட்களாக எச்சிலை விழுங்கினால்கூட நெஞ்சின் நடுவில் வலிக்கிறது. பாலோடு சாப்பிட்டால் சரியாகுமா?

முதலில் மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்து அங்கே புண் ஏற்படுத்தியிருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. டாக்சிசைக்ளின் கரையும்போது அமிலத்தன்மை உடையதாக இருப்பதால், இரைப்பைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் தங்கிவிட்டால் அந்த இடத்தை அரித்துவிடுகிறது. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் ஆறிவிடும் புண்தான். ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

இதைத் தவிர்க்கும் முறை மிக எளிது என்பதால்தான், அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ மாத்திரையை விழுங்க வேண்டும். ஒரு மிடறு போதாது, ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதன்பின் அரைமணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், படுக்கக் கூடாது. படுக்கை நேரத்து மாத்திரையை இரவு உணவு நேரத்துக்கு மாற்றிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டாக்சிசைக்ளினை உணவோடு சாப்பிடலாம். அதனால் குமட்டலும் குறையும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய டெட்ராசைக்ளினை மட்டும் வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்பதால், உங்களுக்கு எழுதியிருப்பது எது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாலிலுள்ள கால்சியம் இந்தக் குடும்பத்து மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, உடல் அவற்றை உறிஞ்ச விடாமல் செய்கிறது. டாக்சிசைக்ளினுக்கு இந்த இழப்பு குறைவு, டெட்ராசைக்ளினுக்கு மிக அதிகம். எப்படியானாலும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதே சரி. பாலைவிட நான் அதிகம் கவலைப்படுவது இரும்புச்சத்து மாத்திரைகள், கால்சியம், துத்தநாக மாத்திரைகள், அலுமினியமோ மக்னீசியமோ கலந்த அமில முறிவு மருந்துகள் ஆகியவற்றைப் பற்றித்தான். நெஞ்செரிகிறது என்று நீங்களாகவே ஒரு அமில முறிவு மருந்தைக் கூடவே குடித்தால், பரு மாத்திரையில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். இவற்றுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

கேள்வி: வெயிலில் நின்று வேலை செய்பவன் நான். மாத்திரை தொடங்கியபின் கைகளும் மூக்கும் எரிந்து சிவக்கின்றன. ஒவ்வாமையா?

பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூசச் செய்வதன் விளைவு இது. சிலருக்கு நகமும் அடியிலிருந்து பிரிந்து எழும்பும். தொப்பி, முழுக்கைச் சட்டை, குறைந்தது 30 எஸ்.பி.எஃப். உள்ள சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றையும் பயன்படுத்துங்கள். வெயிலைத் தவிர்க்கவே முடியாத தொழில் என்பதை மருத்துவரிடம் சொன்னால், அவர் வேறு மருந்துக்கு மாற்றுவதைப் பற்றி யோசிப்பார். தடிப்பு உடல் முழுவதும் பரவினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அது வேறு விஷயம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, பரு வரும்போதெல்லாம் ஒரு மாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். நன்றாகக் கேட்கிறது, நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் வந்துவிடுகிறது. களிம்பு எரிச்சலாக இருந்ததால் அப்போதே விட்டுவிட்டேன். இப்படியே தொடரலாமா?

தொடரக் கூடாது. உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது: களிம்பை விட்டுவிட்டீர்கள். மாத்திரை தணித்துவைத்த முகத்தை, அதன்பின் பருவில்லாமல் காத்துவைப்பது களிம்புதான். அது இல்லாமல் மாத்திரையை நிறுத்தினால், அடைபட்ட மயிர்க்கால்கள் அப்படியே இருக்க, பருக்கள் திரும்பி வரத்தான் செய்யும்.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாயால் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் முகத்துக்கு மட்டும் போவதில்லை. குடலிலும் தொண்டையிலும் தோல் முழுவதிலும் வாழும் பாக்டீரியாக்கள் ஒவ்வொரு நாளும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. சாகக் கூடியவை செத்துப்போக, மருந்தைத் தாங்கக் கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அவை உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களின் தோலுக்கும் போய்ச் சேரக்கூடும். நாளை உங்களுக்கு வேறொரு தொற்று வரும்போது மருந்து கேட்காமல் போகலாம். பருவுக்கு ஒரு காலத்தில் தாராளமாக எழுதப்பட்ட எரித்ரோமைசின் இன்று பல இடங்களில் பலன் குன்றிப்போயிருப்பது இந்த வழியில்தான். அதனால்தான் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குமேல் போக வேண்டாம் என்று பல நாட்டுத் தோல் மருத்துவர்களும் வலியுறுத்துகிறார்கள். இங்கிலாந்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பன்னிரண்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது. அரிதான சூழ்நிலைகளைத் தவிர ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இடையிடையே விட்டுவிட்டுச் சாப்பிடுவதால் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி என்ன செய்வது? களிம்புக்குத் திரும்புங்கள், ஆனால் பொறுமையாக. பென்சாயில் பெராக்சைடு களிம்பு பாக்டீரியாவை ஆக்சிஜனேற்றத்தால் கொல்வதால், அதற்கு எதிராக பாக்டீரியாக்கள் எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதில்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் எவருக்கும் அதைச் சேர்த்துக் கொடுப்பது இதற்காகவே. 2.5 சதவீத மருந்தில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிய படலமாகப் பூசுங்கள். எரிச்சல் இருந்தால் முதலில் ஈரப்பதக் கிரீம் தடவி, அதன்மேல் பூசலாம். அடைப்பைத் திறக்கும் அடாபலீன் களிம்பும் அப்படித்தான்: முதல் சில வாரங்கள் தோல் உரியும், பிறகு பழகிக்கொள்ளும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் பூசுங்கள். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கச் செய்யும் என்பதால் தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும். மாத்திரையோடு சேர்த்து ஆன்டிபயாட்டிக் களிம்பையும் பூசுவது மட்டும் வேண்டாம். அதனால் பலன் கூடுவதில்லை, எதிர்ப்புதான் வளரும்.

இவ்வளவும் செய்தும் பருக்கள் திரும்பினால், அதே மாத்திரையின் அடுத்த மாதம் உங்களுக்கு விடையல்ல. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை போன்ற வேறு வகைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரோடு பேச வேண்டிய நேரம் அது. குறிப்பாகத் தழும்பு விழத் தொடங்கியிருந்தால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. ‘கோர்ஸை முடிக்க வேண்டும்’ என்கிறார் தந்தை. ‘போதும், நிறுத்து’ என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?

மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்கள் வரை சாப்பிட வேண்டும் என்னும் உங்கள் தந்தையின் அறிவுரை, திடீரென்று வரும் தொற்றுகளைப் பற்றியது. பருவில் நாம் ஒரு கிருமியை முற்றாக அழிக்க முயல்வதில்லை. அழற்சியை அடக்கி, களிம்பு வேலை செய்ய நேரம் வாங்குகிறோம். ஆகவே முன்கூட்டியே தெளிந்துவிட்டால் முன்கூட்டியே நிறுத்தவும் இடமுண்டு. அந்த முடிவை மருத்துவரிடம் விடுங்கள். சந்திப்பு நாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எது நின்றாலும் களிம்பு நிற்கக் கூடாது. இடையில் ஒருநாள் மாத்திரையை மறந்துவிட்டால், மறுநாள் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு வயது 15. டாக்சிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள். பல் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே? ஒரு தாயாக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பல் நிறம் மாறும் என்னும் அச்சம், பற்கள் உருவாகும் பருவத்துக்குரியது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த மருந்துகளைத் தவிர்க்கிறோம். சில நாடுகளில் பன்னிரண்டு வயது வரை தவிர்க்கிறார்கள். உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான், அம்மா. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தலைவலியை. விடாத தலைவலி, பார்வை மங்குதல், இரண்டு இரண்டாகத் தெரிதல், காதுக்குள் நாடித்துடிப்பு கேட்பது ஆகியவை தோன்றினால், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். அரிதாக நேர்வதுதான், ஆனால் பார்வையைப் பாதிக்கக் கூடியது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஐசோட்ரெட்டினாயினையும் இந்த மாத்திரையையும் ஒன்றாகக் கொடுக்காததற்கும் இந்த ஆபத்தே காரணம். வைட்டமின் ஏ மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். அதுபோல, கடுமையான வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். வலிப்பு நோய்க்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ அவன் மருந்து சாப்பிடுபவனாக இருந்தால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணுகிறோம். இப்போது மினோசைக்ளின் சாப்பிடுகிறேன். இது கருத்தடை மாத்திரையைக் கெடுத்துவிடுமா?

கெடுக்காது. ஆன்டிபயாட்டிக்குகளில் கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைப்பவை, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் வகை மருந்துகள்தான். வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ ஏற்பட்ட நாட்களில் மட்டும் கூடுதல் பாதுகாப்பு தேவை.

ஆனால் கருத்தரிக்க முயலும் முன்பே, டாக்சிசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த மினோசைக்ளினை நிறுத்திவிட வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த வகை மருந்துகள் குழந்தையின் பற்களிலும் எலும்பிலும் படியும். அடாபலீன் பூசினால் அதையும் நிறுத்துங்கள். அசெலாயிக் அமிலக் களிம்பு போன்ற மாற்றுகள் உள்ளன. மினோசைக்ளின் சாப்பிடும் காலத்தில் தலைச்சுற்றல், தோலிலோ பழைய தழும்பிலோ நீலச்சாம்பல் நிறம், மூட்டு வலி, கண் மஞ்சளாதல் ஆகியவை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இந்தக் காரணங்களுக்காகவே என் முதல் தேர்வு பெரும்பாலும் டாக்சிசைக்ளினாக இருக்கிறது.

கேள்வி: அக்கா சாப்பிட்டு மீதமிருக்கும் மாத்திரைகளை நான் சாப்பிடலாமா? காலாவதியாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன.

கூடாது. கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963-லேயே மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. காலாவதி ஆகாமல் இருந்தாலும், அக்காவின் பருவுக்கு எழுதியது உங்களுக்கு எழுதியதாகாது.

கேள்வி: மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். கன்னத்துப் பரு குறைந்தது; ஆனால் நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தோன்றி அரிக்கின்றன. மாத்திரையின் வேகம் போதவில்லையா?

அரிக்கிறது, ஒரே அளவில் இருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் உதவியாக இருக்கிறது. சாதாரணப் பரு பல அளவுகளில் இருக்கும். வலிக்கும், அவ்வளவாக அரிக்காது. தோலில் இயல்பாக வாழும் மலாசீசியா என்னும் பூஞ்சை, பாக்டீரியாக்கள் குறைந்த இடத்தில் பெருகி மயிர்க்கால்களைத் தாக்கினால் நீங்கள் வருணித்ததுபோலவே தோன்றும். அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கைக் கூட்டுவது அதை வளர்க்கவே செய்யும். தேவைப்படுவது பூஞ்சைக்கான மருந்து. நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் திடீரென்று சீழ்க் கொப்புளங்கள் வருவதுமுண்டு. அது வேறு வகைப் பாக்டீரியாக்களால் வருவது, அதற்கும் சிகிச்சை வேறு. இவற்றைக் கண்ணால் மட்டும் பிரித்துச் சொல்வது சில நேரம் கடினம். கொப்புளத்திலிருந்து சிறிது சுரண்டி எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அதுவரை கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு கலந்த கிரீம் எதையும் வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், அதன்பின் நெற்றி முழுவதும் புதிய பருக்கள் கிளம்பும்.