லிண்டோரை விற்றுவிடுவார்களா என்று கேட்ட தம்பிக்கு, 2020 டிசம்பர்

தம்பி, வணக்கம். ஜனவரியில் கிளீவ்லாந்து வந்து இறங்கி, கொரோனாவால் மார்ச் மாதத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை ஜூம் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் எல்லாரும், நம் ஊர் பேஸ்பால் அணி விற்கப் போவதாகப் பேச்சு அடிபடும் லிண்டோரைப் பற்றியே பேசுகிறார்கள், போன வாரம் பேசும்போதே மேனேஜருக்குக் குரல் கம்மிவிட்டது என்றீர்கள். "அணியிலேயே நல்லா ஆடுறவரை எதுக்கு விக்கணும்? அவரைக் கேக்காமலே எப்படி விக்க முடியும்? நான் அங்க என்ன பேசணும், அக்கா?" இதுதானே உங்கள் கேள்வி.

நான் கிளீவ்லாந்தை ஒட்டிய பார்மாவுக்குக் குடிவந்து 19 வருடம் ஆகிறது. முதல் ஏழெட்டு வருடம் பேஸ்பால் பேச்சு வந்தாலே எழுந்து போய் டீ போடுவேன். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா. 80 வயது. கோடையில் வாசல் நாற்காலியில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு டாம் ஹாமில்டனின் வர்ணனையைக் கேட்பார். 1948ல் கிளீவ்லாந்து கடைசியாக உலகத் தொடரை, அதாவது பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்தை, வென்றபோது அவருக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு இந்த 2020 வரை ஒரு முறைகூட வெல்லவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மேனேஜரின் குரல் ஏன் கம்மியது என்று பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி, லிண்டோர். பிரான்சிஸ்கோ லிண்டோர், புவெர்ட்டோ ரிக்கோவின் காகுவாஸ் ஊர்க்காரர், வயது 27. 2011ல் பள்ளி முடித்த பையனாக இந்த அணி எடுத்தது. நான்கு வருடம் சின்ன ஊர் அணிகளில் வளர்த்து, 2015 ஜூனில் பெரிய மைதானத்தில் இறக்கினார்கள். அவர் ஆடும் இடம் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் (பேஸ் என்பது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனை). கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால், ஜான்டி ரோட்ஸ் பாயிண்டில் நின்றது நினைவிருக்கிறதா? அந்த இடம் மாதிரி. ஆனால் இங்கே பிடித்தால் மட்டும் போதாது. அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடி வர நான்கு வினாடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதற்குள் பந்தை எடுத்து, திரும்பி, குறுக்கே எறிந்து சேர்க்க வேண்டும்.

2016ல் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பந்து அவருக்கு வலப்புறம், எட்டாத தூரத்தில் தரையோடு போயிற்று. கையுறையைப் புறங்கையாகத் திருப்பி எடுத்தார், வலது காலை ஊன்றினார், உடம்பு இன்னும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும்போது அந்தரத்தில் எழும்பி எறிந்தார். ஆள் அவுட். எழுந்து மூன்றாம் பேஸ்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு. பத்து வயது என் மகள் அன்றைக்கே 12ஆம் எண் சட்டை கேட்டாள். பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மட்டையிலும் சளைத்தவரில்லை. 2017, 18, 19 மூன்று வருடமும் 30க்கு மேல் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). 2016 முதல் 2019 வரை நான்கு முறை ஆல் ஸ்டார், அதாவது அந்த வருடத்தின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம்.

சரி, ஏன் விற்கிறார்கள்? (இங்கே விற்பது என்றால், ஆளைக் கொடுத்து வேறு அணியின் ஆட்களைப் பதிலுக்கு வாங்குவது.) இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும், ஏனென்றால் உங்கள் ஹெச்1பி விசாவும் ஆறு வருடக் கணக்குதான். பெரிய லீக்கில் ஆடத் தொடங்கியவர் ஆறு முழு வருடம் அந்த அணியின் பிடியில் இருப்பார். முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித் தருவார்கள். அடுத்த மூன்று வருடம் நடுவர் தீர்ப்பு வரை போகக்கூடிய பேரம். அது முடிந்தால் அவர் சுதந்திரம், யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். நீங்களாவது வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். அவருக்கு அந்த வழி இல்லை, ஆனால் அணி அவரை எந்த ஊருக்கும் அனுப்பலாம். மொத்தம் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவருக்குத்தான் "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை தானாக வரும். 2015ல் லிண்டோரை ஏப்ரலுக்குப் பதில் ஜூனில் இறக்கியதால் அந்த வருடம் முழு வருடமாகச் சேரவில்லை. இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலமே அவர் சுதந்திரமாகியிருப்பார். இப்போது 2021 முடியும் வரை கிளீவ்லாந்தின் கையில்.

அப்புறம் பணம். ஐபிஎல் பார்த்தவர் நீங்கள். அங்கே இந்த 2020ல் எட்டு அணிக்கும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஒரே 85 கோடி ரூபாய்தான் வரம்பு, சென்னைக்கும் அதேதான், ராஜஸ்தானுக்கும் அதேதான். பேஸ்பாலில் அப்படிப்பட்ட கறாரான உச்சவரம்பு கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் வரி உண்டு, கொடுக்க வசதி உள்ளவர் கொடுத்துவிட்டுச் செலவழிக்கலாம். லிண்டோருக்கு இந்த வருடம் பேசிய சம்பளம் மட்டும் 17.5 மில்லியன் டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 130 கோடி. ஒரு ஐபிஎல் அணி மொத்தத்தையும் விட அதிகம்! (162 ஆட்டம் 60 ஆகச் சுருங்கியதால் எல்லாருக்கும் சம்பளத்தையும் வெட்டிவிட்டார்கள், அது வேறு.) அவருக்குச் சமமானவர்கள் என்ன வாங்குகிறார்கள் பாருங்கள். மச்சாடோ 10 வருடத்துக்கு 300 மில்லியன், மூக்கி பெட்ஸ் 12 வருடத்துக்கு 365 மில்லியன். கிளீவ்லாந்தில் அந்த அளவுக்குக் கொடுக்க மாட்டார்கள். இருக்கும்வரை ரசியுங்கள் என்று உரிமையாளரே 2019ல் சொல்லிவிட்டார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. இந்த வருடம் ஒரு ஆட்டத்துக்குக்கூட ரசிகர்களை விடவில்லை, டிக்கெட் வருமானம் சுத்தமாக இல்லை. நல்ல பந்துவீச்சாளர் பிராட் ஹேண்டை 10 மில்லியனுக்குத் தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டதைப் பார்த்தபோதே மற்றது தெரிந்துபோயிற்று.

ஆக, மூன்று வழி. வைத்துக்கொண்டு 2021 முழுக்க ஆடவிடலாம், போகும்போது போகட்டும் என்று. அப்படிப் போனால் அணிக்குக் கிடைப்பது அடுத்த இளைஞர் தேர்வில் (அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுப்பது) கூடுதலாக ஒரு இடம் மட்டும். லிண்டோரையே எட்டாவது ஆளாக எடுத்தும், அவர் இங்கே வந்து நிற்க நான்கு வருடம் ஆனது. அதைவிடப் பின்னால் கிடைக்கும் இடத்தில் எடுக்கிற பையன் எப்போது வருவான், வருவானா? 2000ல் மேனி ராமிரெஸ் பாஸ்டனுக்கும், 2002ல் ஜிம் தோம் பிலடெல்பியாவுக்கும் அப்படித்தான் போனார்கள்.

ஜூலை வரை பொறுத்துப் பார்த்து விற்கலாம் என்பது இன்னொன்று. உங்கள் மேனேஜர் இந்தக் கட்சி என்று தோன்றுகிறது. எனக்கு ஒப்பவில்லை. ஜூலையில் வாங்குகிறவருக்குக் கிடைப்பது மூன்று மாத ஆட்டம், அதற்கேற்ற விலையைத்தான் கொடுப்பார். பால்டிமோர் 2018 ஜூலையில் மச்சாடோவை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்து ஐந்து இளைஞர்களை வாங்கியது. இதுவரை அந்த ஐவரில் ஒருவரும் நட்சத்திரமாகவில்லை. அதோடு, ஜூலையில் நம் அணி முதலிடத்துக்கு அருகில் இருந்தால்? அப்போது விற்பது இதைவிடக் கொடுமை.

மூன்றாவது, இப்போதே விற்பது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் இதுதான் சரி என்று நினைக்கிறேன். அதில் எனக்கு ஒரே நிபந்தனை: பதிலுக்கு என்ன வாங்குகிறோம் என்பது. பக்கத்து வீட்டம்மா 1960 ஏப்ரல் 17 ஈஸ்டர் ஞாயிறை இன்றைக்கும் சொல்வார். ஊரே கொண்டாடிய ராக்கி கொலாவிட்டோவை அன்றைக்கு டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டு ஹார்வி கியூனை வாங்கினார்கள். கொலாவிட்டோ முந்தின வருடம் 42 ஹோம் ரன் அடித்தவர், வயது 26. கியூன் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் 29. ஒரே வருடத்தில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். மூத்தவரை வாங்கி இளையவரைக் கொடுத்த வியாபாரம் அது. 2002ல் நடந்தது நேர்மாறு. பந்துவீச்சாளர் பார்டோலோ கொலோனை மாண்ட்ரியாலுக்குக் கொடுத்தார்கள். வந்த இளைஞர்களில் கிரேடி சைஸ்மோர் மூன்று முறை ஆல் ஸ்டார் ஆனார், கிளிஃப் லீ 2008ல் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருதே வாங்கினார்.

அதனால் அணியை நடத்துகிறவரின் நாற்காலியில் நான் இருந்தால், பதினெட்டு வயதுப் பையன்களை மூட்டையாகக் கட்டி வாங்க மாட்டேன். பெரிய லீக்கில் ஏற்கெனவே கால் வைத்த, இன்னும் ஐந்தாறு வருடம் நம் பிடியில் இருக்கக்கூடிய ஒரு ஷார்ட்ஸ்டாப்பைக் கேட்பேன். நியூயார்க் மெட்ஸை நவம்பரில் ஸ்டீவ் கோஹன் ஏறக்குறைய 2.4 பில்லியன் டாலருக்கு வாங்கியிருக்கிறார், பெரிய பெயரைத் தேடுகிறார். அவர்களிடம் ஷார்ட்ஸ்டாப் இருவர்: 25 வயது அமெட் ரொசாரியோ, இந்த வருடம்தான் அறிமுகமான 22 வயது ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ். வெனிசுவேலாப் பையன், கை சுத்தம், ஓட்டம் நல்ல வேகம். இருவரில் ஒருவர் என்றால் நான் ஹிமெனெஸைக் கேட்பேன், அவரைத் தராவிட்டால் எழுந்து வந்துவிடுவேன்.

இனி திங்கட்கிழமை. தயவுசெய்து "ஒரு விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சென்னை அணி தோனியை விற்கப் போகிறது என்று சேதி வந்தால் நம் ஊர் டீக்கடையில் யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? மேலே நான் போட்ட கணக்கையும் முதல் நாளே எடுத்து விடாதீர்கள், அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "2016 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினார், ஒன்பது முடிந்ததும் மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது, பத்தாவதில் 8-7 என்று சிகாகோவிடம் போயிற்று. நாங்கள் பக்கத்து வீட்டம்மாவின் சோபாவில் இருந்தோம். முடிந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டு என் மகளுக்குக் கோகோ கலக்கினார். இந்த ஊரில் ஆளுக்கு ஒரு கதை இப்படி இருக்கும். கேளுங்கள், பத்து நிமிடம் போதாது.

இன்னொன்று, அணியின் பெயரில் இருக்கும் "இந்தியன்ஸ்" நாமல்ல, இந்த மண்ணின் பூர்வகுடிகளைச் சொன்னது. அந்தப் பெயரை விடப் போவதாக இந்த மாதம் 14ஆம் தேதி அறிவித்துவிட்டார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பெயரும் போய், ஆளும் போகும் குளிர்காலம் இது. உங்கள் மேனேஜருக்கு இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்திருக்கிறது.

போன சனிக்கிழமை பனி தள்ளும்போது பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் மாஸ்க்கோடு நின்று, "அவன் போய்விட்டால் அந்தச் சட்டையை என்ன செய்வது?" என்று கேட்டார். நாற்காலி மேலேயே போட்டு வையுங்கள், கழுவக்கூட வேண்டாம் என்றேன்.

கோடையில் மைதானத்தைத் திறந்தால் சொல்லுங்கள் தம்பி. மூன்றாம் பேஸ் பக்கம் நான்கு டிக்கெட் எடுக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து. பயிற்சி நேரத்துக்கே போய்விடுவோம். ஷார்ட்ஸ்டாப்பில் யார் நிற்கிறாரோ, அவருடைய காலைப் பாருங்கள், பந்தைப் பார்க்க வேண்டாம்.