நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனை எப்படி அளக்கிறார்கள்? கார்பன் கிரெடிட் கம்பெனிக்காரர்கள் சொல்லும் கணக்கை நம்பலாமா?

பெரும்பாலும் அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். "புகையும் இல்லை, மீட்டரும் இல்லை, அப்பாவின் வயலில் இவ்வளவு டன் குறையும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயலில் குறையும் வாயுவைக் கிரெடிட்டாக விற்கும் திட்டத்தில் அப்பா சேரலாமா என்பதும், மாட்டுக்கும் மரத்துக்கும் எப்படி அளக்கிறார்கள் என்பதும் கூடவே வந்த கேள்விகள். நியாயமான சந்தேகம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆய்வுத் திட்டத்தில் வயலில் வாயு மாதிரி எடுக்கும் வேலை பார்த்தவன் நான். அதனால் நெல்லைப் பற்றி நீளமாகவே சொல்கிறேன்.

நட்ட கையோடு ஒரு சட்டத்தைச் சேற்றில் பதித்துவிடுவோம். அறுவடை வரை அது அங்கேயே இருக்கும். மாதிரி எடுக்கும் நாளில், சில குத்து நெல்லையும் சேர்த்து மூடுகிற மாதிரி அதன்மேல் ஒரு அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்ப்போம். உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியும் ஒரு வெப்பமானியும் இருக்கும். மூடியதும் ஒரு சிரிஞ்ச் காற்று, கால் மணி கழித்து ஒன்று, அரை மணியில் இன்னொன்று. அதைக் குப்பிகளில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி சொல்லிவிடும். "நெல்லுக்கு மூச்சு முட்டாதா தம்பி?" என்று வரப்பில் நின்று கேட்காத ஆளே கிடையாது.

பயிரோடு சேர்த்து மூடுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பங்கு நெல் பயிருக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் வெளியேறும். வெறும் தண்ணீரை மட்டும் மூடினால் அளவு குறைத்துத் தெரியும். அதேபோல, பெட்டிக்குப் போக வரப்பிலிருந்து பலகை போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் சேற்றை மிதித்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பி அன்றைய மாதிரி கெட்டுவிடும். யூரியா போட்ட பிறகு சில நாட்கள் அடிக்கடி எடுக்க வேண்டும், ஏனென்றால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்பமேற்றும் வாயு அப்போதுதான் திடீரென்று எகிறும்.

இவ்வளவும் ஒரு வயலின் ஒரு மூலைக்கு. கோபுரம் நட்டு, காற்றின் மேல்கீழ் அசைவையும் அதிலுள்ள வாயுவையும் வினாடிக்குப் பத்து தடவையோ அதற்கு மேலோ பதிவு செய்யும் முறையும் இருக்கிறது. அது பரந்த நிலத்துக்கே சரி, செலவும் அதிகம்.

ஆகவே மற்ற இடங்களில் எல்லாம் காரணி, அதாவது ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு வாயு என்ற சராசரி எண், வைத்துப் பெருக்குகிறார்கள். ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2019-இல் திருத்திய வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கும் தெற்காசிய நெல் வயலுக்கு நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று இருக்கிறது. ஒரு ஏக்கரை 0.4 ஹெக்டேர் என்றும் பயிர்க்காலத்தை 100 நாள் என்றும் வைத்தால் 34 கிலோ. நடுவில் பல தடவை வயலைக் காயவிட்டால் அதை 0.55-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 19 கிலோவாகும். அதாவது குறைவது 15 கிலோ. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேனை கார்பன் டை ஆக்சைடுக்கு 28 மடங்கு என்று வைத்தால் சுமார் 430 கிலோ. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுதான் ஒரு கிரெடிட், அதனால் இது அரை கிரெடிட்கூட இல்லை. ஒரு கிரெடிட் ஆயிரம் ரூபாய்க்குப் போனாலும் ஏக்கருக்கு ஒரு போகத்தில் 430 ரூபாய், அதிலும் கம்பெனி பங்கு போக. காயவிட்டு நனைக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், அதையும் கழிக்க வேண்டும்.

காரணி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் நாடே உதாரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்த எண்களை நீட்டி, இந்திய நெல் வயல்கள் வருடத்துக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கத் தரப்பு ஒரு மதிப்பீடு சொன்னது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று, 1991-இல் நம் வயல்களில் பல இடங்களில் பெட்டி கவிழ்த்துப் பார்த்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் வந்தது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு!

மாடும் மரமும் கேட்டிருந்தீர்கள். மாட்டின் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பத்தில்தான் வருகிறது, பலர் நினைப்பதுபோல் பின்பக்கத்தில் இல்லை. மூடிய அறையில் கட்டி அளக்கலாம், அல்லது தீனி வைத்து, அது தலையை நுழைத்துத் தின்னும்போது மூச்சை உறிஞ்சி அளக்கும் இயந்திரம் இருக்கிறது. காட்டில் பெரும்பாலும் வாயுவையே அளப்பதில்லை. நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை டேப் பிடித்து எடுத்து, சூத்திரத்தில் போட்டு எடையும் கார்பனும் கண்டுபிடிக்கிறார்கள். சில வருடம் கழித்து அதே மரங்களை மறுபடி அளந்தால் கூடியதோ குறைந்ததோ தெரியும்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். வாயுக் கருவியை விட நான் சந்தேகப்படுவது தண்ணீர்க் கணக்கைத்தான். மேலே உள்ள 430 கிலோ முழுவதும், முன்பு எப்போதும் தண்ணீர் நின்றது, இப்போது காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்கிறோம் என்ற இரண்டு வாக்கியத்தில் நிற்கிறது. கடைமடையில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது, வயல் தானாகவே காய்கிறது. அங்கே எப்போதும் தண்ணீர் நின்றது என்று எழுதினால், குறையாத வாயு காகிதத்தில் குறைந்துவிடும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யார் வயலைக் காயவைப்பது? குறுவைக்குச் சொன்னால் நம்பலாம். இந்த மாதிரிச் சந்தேகங்கள் இங்கே மட்டும் இல்லை: கிரெடிட்களைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது.

அதனால் அப்பாவிடம் சொல்லி மூன்றே விஷயம் கேட்கச் சொல்லுங்கள். போன வருடங்களில் தண்ணீர் நின்ற நாட்களை எதை வைத்து எழுதினார்கள்? வயலில் துளையிட்ட பைப் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதை யார், எந்தத் தேதிகளில் குறிக்கிறார்கள்? நம் மாவட்டத்தில் எங்காவது பெட்டி வைத்து அளந்தார்களா, வெறும் காரணியா? பதில் சரியாக வந்தால் சேரலாம், டீசல் மோட்டார் வைத்திருந்தால் எண்ணெய்ச் செலவு குறைவதே கிரெடிட் காசை விடப் பெரிதாக இருக்கும். வராவிட்டாலும் குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பார்க்கலாம், பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் வற்றவிடாதீர்கள்.