‘டக்’ சத்தம் கேட்டால் குறுக்கு வலி போய்விடுமா?

கேள்வி: வயது 41, திருப்பூரில் தையல் வேலை. இரண்டு வருடமாகக் குறுக்கு வலி, காலுக்கு இறங்குவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை) லேசாகப் புடைத்திருக்கிறதாம். பிசியோதெரபிஸ்ட் முதுகைத் திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால் வலி குறையும் என்கிறார். வீட்டில், எலும்பு பிசகிவிடும் என்று பயப்படுகிறார்கள். செய்துகொள்ளலாமா டாக்டர்?

பதில்: செய்துகொள்ளலாம் அம்மா, ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதலில் அந்த எம்.ஆர்.ஐ.யை மறந்துவிடுங்கள், 40 வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இந்தப் புடைப்பு இருக்கும்.

அவர் சொல்வதற்குப் பெயர் மேனிபுலேஷன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் இறுக்கிப் பிடித்து, இனி அசையாது என்கிற இடத்தில் சின்னதாக, வெடுக்கென்று ஒரு தள்ளு. ‘டக்’ என்று கேட்டால் பதறாதீர்கள், எலும்பும் பிசகவில்லை, டிஸ்க்கும் உள்ளே போகவில்லை. விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே வாயுக் குமிழிச் சத்தம்தான். சத்தம் வராவிட்டாலும் பலன் குறையாது. அது வரும்வரை விடாமல் முறுக்குகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஓரிரு நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும், அது சகஜம்.

பலன் எவ்வளவு? 2019-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு இது உடற்பயிற்சி போன்ற சிகிச்சைகள் அளவுக்கு உதவுகிறது, அவ்வளவுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இன்னும் கறார், உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் இதைச் செய்யலாம் என்று 2016-லேயே சொல்லிவிட்டது. முதுகு கொஞ்சம் லேசாகிற அந்த நாட்களில் உங்களை நடக்கவைத்து, இடுப்புக்கும் வயிற்றுக்கும் பயிற்சி கொடுத்து, மெஷின் முன் எப்படி உட்காருகிறீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறீர்கள் என்று குடைந்து கேட்கிறாரே, பிசியோவின் நிஜமான வேலை அதுதான். சும்மா மிதித்துவிடுவது என்றால் எங்கள் ஊரில் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டாலே போதுமே!

கைவைக்கும் முன் அவர் உங்களைச் சோதித்தாரா என்று பாருங்கள். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினாரா, முழங்காலில் சுத்தியலால் தட்டினாரா? எலும்பு மெலிவு, பழைய புற்றுநோய், ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள், அப்போது மேனிபுலேஷன் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

நாலைந்து சிட்டிங் போன பிறகும் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் முறுக்கி முறுக்கியே அனுப்பினால் ஆளை மாற்றுங்கள். அப்புறம், இடுப்பு பெல்ட் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடலாம். நாள்பட்ட வலிக்கு பெல்ட்டும், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.